கறுப்பின இசைல லைவ் வாத்தியத்தைக் கொன்னது மெஷின்தானா?

19.10.2025, மாலை 6.12 (இழையைத் தொடங்கினவர்)

ஆர் அண்ட் பி பாடகர் டி'ஏஞ்சலோ செத்துப் போனதுலேர்ந்து அவரோட ‘வூடூ' ஆல்பத்தையே திரும்பத் திரும்ப ஓட்டிட்டிருக்கேன். அதுக்கப்புறம் இப்போ சார்ட்ல இருக்கிற ஆர் அண்ட் பி (அமெரிக்கக் கறுப்பினத்தவரோட பாட்டு வகை) பத்துப் பாட்டு கேட்டேன். ஒண்ணுலகூட ஆளுங்க சேர்ந்து வாசிக்கிற மாதிரி இல்ல. நான் சொல்றது இதுதான்: தானா தாளம் போடுற டிரம் மெஷினும் கம்ப்யூட்டரும் வந்து கறுப்பின இசைல வாசிக்கிறவங்களை ஒழிச்சுடுச்சு. மாத்துக் கருத்து இருக்கா?

19.10.2025, இரவு 11.40

இருக்கு. நான் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன், திருச்சில காலேஜ்ல ஆரம்பிச்சது, 2003லேர்ந்து வாஷிங்டன் டிசி பக்கத்துல மேரிலாண்ட்ல இருக்கேன், ஒன்பது வருஷமா இங்க ஒரு கறுப்பின பாப்டிஸ்ட் சர்ச்ல ஞாயித்துக்கிழமை வாசிக்கிறேன், அதனால இந்தக் கேள்வி எனக்கு வெறும் ரசிகர் கேள்வி இல்ல.

மெஷின் ஒழிச்சதுன்னு நான் நம்பல. மெஷின் வர்றதுக்கு முன்னாடியே வாசிக்கிறவங்க காலடில இருந்த தரையை உருவிட்டாங்க. உதாரணம் டெட்ராய்ட். மோட்டவுன்ங்கிற ரெக்கார்ட் கம்பெனி வெஸ்ட் கிராண்ட் புலவார்ட்ல ஒரு சாதாரண வீட்டுல இருந்துச்சு, அதுல ஸ்டுடியோ ஏ-க்கு வாசிக்கிறவங்க வச்ச பேரு பாம்புக்குழி, மேல கேபிளெல்லாம் பாம்பு மாதிரி தொங்கும். அங்க வாசிச்ச கோஷ்டிக்குப் பேரு ஃபங்க் பிரதர்ஸ். பேஸ்ல ஜேம்ஸ் ஜேமர்சன், டிரம்ஸ்ல பென்னி பெஞ்சமின், கீபோர்ட்ல ஏர்ல் வான் டைக். பாதிப் பேர் ராத்திரி ஜாஸ் கிளப்ல வாசிச்சுட்டு பகல்ல ஸ்டுடியோவுக்கு வர்ற ஆளுங்க. நமக்குத் தெரிஞ்ச மோட்டவுன் பாட்டுல பெரும்பாலானதுக்குப் பின்னாடி இவங்க கைதான். 1972ல கம்பெனி மொத்தமா லாஸ் ஏஞ்சலஸ் போயிடுச்சு. அவங்களை விட்டுட்டுப் போச்சு. அந்த வருஷம் 808-ம் கிடையாது லின் டிரம்மும் கிடையாது, ரெண்டும் பின்னாடி வந்த டிரம் மெஷின். அப்போ ஒழிச்சது யாரு?

டிரம் மெஷின் பாப் இசைக்குள்ள வந்ததே 1980லதான்.

20.10.2025, காலை 7.05

மேல நான் எழுதின கடைசி வரி தப்பு. தூங்கப் போனப்புறம்தான் உறைச்சது. 1971லயே ஸ்லை ஸ்டோன்ங்கிற பாடகர் மேஸ்ட்ரோ ரிதம் கிங்னு ஒரு பெட்டியை வச்சு ஆல்பம் போட்டார், அதுலேர்ந்து ஒரு பாட்டு நம்பர் ஒன் ஆச்சு. அது என்ன பெட்டின்னா, ஹோட்டல் லவுஞ்ச்ல, வீட்டுல தனியா ஆர்கன் வாசிக்கிறவங்களுக்கு ‘டக்கு டக்கு'ன்னு கூடவே ஓட்டிக்கிறதுக்காகப் பண்ணினது. அவரோட டிரம்மர் குழுவை விட்டுப் போயிட்டார், இவர் பெட்டியைப் போட்டார்.

ஆனா அவர் அதை வச்ச விதத்தைக் கேளுங்க. எல்லாரும் பீட் ஒண்ணு விழுற இடத்துல ஆரம்பிப்பாங்க, இவர் பெட்டியோட ஒண்ணை வேற இடத்துல தள்ளி வச்சு அதுமேல பேஸ் வாசிச்சார். மெஷினோட மல்லுக்கட்டி வாசிச்சிருக்கார். கேட்டா காலுக்கடில தரை லேசா சாயிற மாதிரி இருக்கும்.

20.10.2025, மதியம் 1.30

ஜேமர்சன் பத்தி இன்னும் சொல்லணும், விட்டா மனசு கேக்காது. அந்த ஆள் வலது கைல ஒரே ஒரு விரல்ல வாசிப்பார், ஆட்காட்டி விரல், அதுக்கு ‘ஹூக்'னு பேரே உண்டு. 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன். பள்ளிக்கூடத்துல பெரிய நின்னு வாசிக்கிற பேஸ்ல ஆரம்பிச்சவர், அந்தக் கை கடைசிவரைக்கும் மாறல. நான் காலேஜ்ல ரெண்டு விரல் டெக்னிக் கத்துக்கவே மூணு வருஷம் எடுத்துக்கிட்டேன், அப்புறம் இவர் ஒத்தை விரல்னு தெரிஞ்சப்போ ஒரு நாள் முழுக்க கிட்டாரையே தொடல.

1971ல மோட்டவுன் பாடகர் மார்வின் கேயோட ஆல்பம் வர்ற வரைக்கும் இவங்க பேரையெல்லாம் அட்டைல போடவே மாட்டாங்க. பத்து வருஷ ஹிட்டு, பேரே இல்ல. 1983ல மோட்டவுன் 25 வருஷ விழா டிவிக்காக கலிஃபோர்னியால எடுத்தாங்க. ஜேமர்சனைக் கூப்பிடல. அவர் பிளாக்ல டிக்கெட் வாங்கிட்டுப் போய் பின்னாடி உக்காந்து பார்த்துட்டு வந்தார். அதே வருஷம் ஆகஸ்ட்ல செத்துப் போனார், 47 வயசு.

இதுல மெஷின் எங்க வந்துச்சு சொல்லுங்க தம்பி?

20.10.2025, இரவு 10.15

தீபாவளிக்கு வந்தவங்க எல்லாம் கிளம்பியாச்சு. ஒருத்தர் தனியா எழுதிக் கேட்டிருக்கார்: ‘அப்போ ஏன் 80கள்ல குழு எல்லாம் சிறுத்துப் போச்சு?'

பள்ளிக்கூடம். இதுதான் என் பதில். மேல சொன்ன ஜேமர்சன் பேஸைத் தொட்டதே டெட்ராய்ட்ல நார்த்வெஸ்டர்ன் ஹைஸ்கூல்ல. அதே ஊர்ல கேஸ் டெக்னு இன்னொரு பள்ளிக்கூடம், ரான் கார்ட்டர், பால் சேம்பர்ஸ்னு பெரிய ஜாஸ் பேஸ்காரங்க எல்லாம் அங்க படிச்சவங்க. வாத்தியம் வாங்க வீட்டுல காசு கிடையாது, பள்ளிக்கூடம் கொடுத்துச்சு, சொல்லிக் கொடுக்க வாத்தியார் இருந்தார், பசங்க கத்துக்கிட்டாங்க. 1975ல நியூயார்க் நகரம் திவாலாகுற நிலைமைக்குப் போனப்போ ஆயிரக்கணக்குல வாத்தியாருங்களை வேலையை விட்டு அனுப்பினாங்க, மியூசிக் வாத்தியாருங்களும் அதுல உண்டு. 1978ல கலிஃபோர்னியால சொத்து வரியைக் கட்டுப்படுத்தி பிரபோசிஷன் 13னு ஓட்டுப் போட்டாங்க, அங்கயும் பள்ளிக்கூடத்துல மியூசிக் கிளாஸ் சுருங்குச்சு. பையனுக்கு டிரம்பெட் கிடையாது, அப்பா அலமாரில ரெக்கார்ட் இருக்கு. அதனால ரெக்கார்ட் ஓட்டுற டர்ன்டேபிளை எடுத்தான். ஹிப் ஹாப் பொறந்தது இப்படித்தான்.

22.10.2025, இரவு 9.50

இல்ல. ரெண்டு நாளா இது உறுத்திட்டே இருந்துச்சு. மேல நான் எழுதினது கேக்க அழகா இருக்கு, கணக்கு உதைக்குது.

ஹிப் ஹாப்பைத் தொடங்கினவர்னு சொல்ற டிஜே கூல் ஹெர்க், நியூயார்க் பிராங்ஸ்ல செட்ஜ்விக் அவென்யூ 1520ம் நம்பர் கட்டடத்துல தங்கச்சிக்காகப் பார்ட்டி வச்சது 1973 ஆகஸ்ட். வாத்தியாருங்களை அனுப்பினது 1975. வேலையை விட்டு எடுக்குறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே ஹெர்க் ரெண்டு ரெக்கார்டை வச்சு பிரேக் (பாட்டுல டிரம்ஸ் தனியா வர்ற இடம்) மட்டும் நீட்டி ஓட்டிட்டிருக்கார். அவர் கிங்ஸ்டன்லேர்ந்து வந்தவர், ஜமைக்கால தெருவுல ராட்சச ஸ்பீக்கர் அடுக்கி சவுண்ட் சிஸ்டம் வைக்கிறதைப் பார்த்து வளர்ந்தவர். அவருக்கு டர்ன்டேபிள்ங்கிறது டிரம்பெட் கிடைக்காததால எடுத்த மாத்துப் பொருள் கிடையாது. அவர் ஊர்ல அதுதான் மேடை. அதை ‘இல்லாமையால வந்தது'ன்னு நான் எழுதினது அவங்களோட மூளையைக் குறைச்சுப் பேசின மாதிரி ஆயிடுச்சு, அதுக்கு வருத்தப்படுறேன்.

பள்ளிக்கூடம் போனது பின்னாடி வந்த தலைமுறையை அடிச்சது, அதுல எனக்குச் சந்தேகமில்ல. ஆனா ஹிப் ஹாப் பொறந்த கதை வேற, வாசிக்கிறவன் குறைஞ்ச கதை வேற. நான் ரெண்டையும் ஒரே கயித்துல கட்டிட்டேன்.

22.10.2025, இரவு 10.20

ஆரம்பத்துல ராப் பாட்டுலயே ஆளுங்கதான் வாசிச்சாங்க, இதையும் சேத்துக்கோங்க. 1979ல வந்த முதல் பெரிய ராப் ஹிட்டுல கேக்குறது ஷீக் குழுவோட பேஸ் லைன், ஆனா அது லூப் (ஒரே துண்டை மெஷின்ல திரும்பத் திரும்ப ஓட்டுறது) இல்ல, ஸ்டுடியோல பசங்க உக்காந்து கால் மணி நேரம் விடாம திரும்ப வாசிச்சது. ஒரே லைனை கால் மணி நேரம் அசராம வாசிச்சுப் பாருங்க, முன்னங்கை எரியும். நான் பண்ணிப் பார்த்தேன், எட்டு நிமிஷத்துல இடறிடுச்சு.

25.10.2025, மதியம் 3.00

காசு விஷயத்தை யாரும் பேச மாட்டேங்கிறீங்க, நான் பேசுறேன்.

2009ல இங்க ஒரு கிளப்ல நாங்க ஏழு பேர், ஹார்ன் ரெண்டு, காங்கோ ஒண்ணு, எல்லாம் வச்சு மாசத்துக்கு ரெண்டு வெள்ளிக்கிழமை வாசிச்சோம். மொத்தம் 400 டாலர், ஏழால வகுத்துக்கோங்க, அதுல பார்க்கிங் வேற. எங்களுக்கு அப்புறம் வர்ற டிஜேக்கு ஒத்தை ஆளுக்கு 500. நாலு மாசத்துல ‘இனிமே வேண்டாம், டிஜேயே போதும்'னுட்டாங்க. அந்த டிஜே மேல எனக்குக் கோபம் வரல, நல்ல காது அவனுக்கு. ஆனா எங்க டிராம்போன்காரர் அன்னிக்கு ராத்திரி கேஸை மூடினவர் அப்புறம் எங்கயும் வாசிக்கல, இப்போ பஸ் ஓட்டுறார். அது எனக்கு இன்னும் ஆறல.

இதே கணக்கைப் பெருசாப் போடுங்க. லின் எல்எம்-1 1980ல வந்தப்போ கிட்டத்தட்ட 5,000 டாலர், நிஜ டிரம் சத்தத்தை உள்ள வச்ச முதல் மெஷின். ரோலண்ட் 808 அதே வருஷம், 1,200 டாலர்கிட்ட. ஒரு தடவை காசு கொடுத்தா அவ்வளவுதான், அதுக்கு ரூம் போட வேண்டாம், சாப்பாடு வேண்டாம், வேன்ல இடம் வேண்டாம். கேமியோன்னு ஒரு ஃபங்க் குழு 70கள்ல ஒரு டஜன் பேருக்கு மேல இருந்துச்சு, 80கள் நடுவுல அட்டைல மூணு பேரு. டிஸ்கோ காலத்துலயே கிளப்காரங்க கணக்குப் போட்டுட்டாங்க, பேண்டு வேண்டாம் ரெக்கார்ட் போதும்னு. மெஷின் அந்தக் கணக்குக்கு விடையா வந்துச்சு, கணக்கைப் போட்டது மெஷின் இல்ல.

25.10.2025, மாலை 5.45

‘அப்போ 808 மேல உங்களுக்குக் கோபமே இல்லையா'ன்னு கேட்டவருக்கு: மார்வின் கேயையே பாருங்க. 1971ல அவர் பண்ணின ஆல்பத்துல ஜேமர்சன், காங்கோ, சாக்ஸ், வயலின் கூட்டம், எல்லாம். 1982ல அதே மனுஷன் பெல்ஜியத்துல ஓஸ்டெண்ட்ங்கிற கடலோர ஊர்ல கடனும் கஷ்டமுமா ஒதுங்கி இருந்தப்போ 808-ஐ வச்சு ஒரு பாட்டுப் பண்ணினார், அவருக்கு முதல் கிராமி வாங்கிக் கொடுத்தது அதுதான். ரெண்டுமே எனக்குப் பிடிக்கும். ரெண்டாவதுல அந்தக் குட்டிக் குட்டி சத்தத்துக்கு நடுவுல இருக்கிற காலி இடத்துல அவர் குரல் உலாத்துறதைக் கேக்கணும், முழு பேண்டு இருந்தா அந்த இடமே கிடைச்சிருக்காது.

பாடகர் பிரின்ஸ் 1984ல நம்பர் ஒன் ஆன பாட்டுல பேஸையே எடுத்துட்டார். முழுசா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணிட்டு, அப்புறம் வேண்டாம்னு எடுத்தது. பேஸ் வாசிக்கிற எனக்கு முதல் தடவை கேட்டப்போ நெஞ்சுல ஒரு படிக்கட்டு காணாமப் போன மாதிரி இருந்துச்சு. இப்போ எங்க பேஸ் வரக்கூடாதுன்னு யோசிக்கிறதுக்கே அந்தப் பாட்டுதான் எனக்குப் பாடம்.

சிகாகோல ஹவுஸ், டெட்ராய்ட்ல டெக்னோ, இந்த ரெண்டு நடன இசையையும் பண்ணினது கறுப்பினப் பசங்கதான், மெஷினை வச்சுதான். அதைத் தேய்வுன்னு நான் சொல்ல மாட்டேன்.

26.10.2025, மாலை 4.30

சர்ச்லேர்ந்து இப்போதான் வந்தேன். தம்பி, நீங்க கேட்ட கேள்விக்கு நேர்ப் பதில் அங்கதான் இருக்குன்னு தோணுது, வாசிக்கிறவங்க எங்க போனாங்கன்னா இங்க வந்தாங்க, அதாவது இங்கேர்ந்து போகவே இல்ல.

ஹாமண்ட் பி-3 ஆர்கன்ல உக்காந்திருக்கிற பெரியவருக்கு எழுபது தாண்டிடுச்சு. நான் சேந்த முதல் ஞாயித்துக்கிழமை ரிஹர்சலும் இல்ல பாட்டு லிஸ்டும் இல்ல. ஒரு அம்மா எழுந்து நின்னு பாட ஆரம்பிச்சுட்டாங்க, அவங்களுக்கு வந்த சுருதில. பெரியவர் இடது கையை முதுகுக்குப் பின்னாடி கொண்டு வந்து மூணு விரலைக் கீழ காட்டினார். எனக்குப் புரியல. டிரம்ஸ் வாசிச்ச பையன், பன்னிரண்டு வயசு இருக்கும், கண்ணாடித் தடுப்புக்குள்ளேர்ந்து கத்தினான்: ‘ஈ ஃப்ளாட்!' மூணு விரல் கீழன்னா மூணு ஃப்ளாட். மேல காட்டினா ஷார்ப். அவ்வளவுதான் நோட்டேஷன்.

அதுக்கப்புறம் பாஸ்டர் பேசப் பேச, பேச்சு பாட்டாகுற இடத்துல ஆர்கன் அவர் வாக்கியத்துக்கு வாக்கியம் பதில் சொல்லும். எந்த வார்த்தைல வேகம் எடுப்பார்னு யாருக்கும் தெரியாது. டிரம்மர் அவர் தோளைப் பார்த்துட்டே இருப்பான். இதுக்கு எந்த மெஷினும் சரிப்படாது, ஏன்னா இங்க பாட்டு எத்தனை பார் (தாளச் சுத்து)ங்கிறதை முடிவு பண்றது பாடுற அந்த அம்மாவோட மனசு.

டி'ஏஞ்சலோ வர்ஜீனியால ரிச்மண்ட்ல பெந்தகோஸ்தே பாஸ்டரோட மகன், சின்ன வயசுல சர்ச்ல வாசிச்சவர். இன்னிக்குப் பெரிய ஸ்டார்கூட டூர் போற டிரம்மர், ஆர்கனிஸ்ட்ல எத்தனை பேர் சர்ச்ல வளர்ந்தவங்கன்னு பாருங்க. ரெக்கார்ட்ல ஆள் இல்ல, மேடைல இருக்காங்க. ரெக்கார்ட்ல காசு ஆளுக்குப் போகக் கூடாதுன்னு முடிவாயிடுச்சு, மேடைல ஆள் இல்லாம முடியல.

26.10.2025, இரவு 8.10

மேல எழுதினது கொஞ்சம் மிகைதான். மேடைலயும் நிறைய இடத்துல டிராக்கை ஓட விட்டுட்டு அதுமேல வாசிக்கிறாங்க, எங்க சர்ச்லயே இளைஞர் ஆராதனைல லேப்டாப் வந்தாச்சு, டிரம்மர் காதுல வேகத்தைக் காட்டுற கிளிக் சத்தம் ஓடுது. பெரியவர் அன்னிக்கு மட்டும் முன் வரிசைல வந்து உக்காந்துப்பார். ஆர்கன் கவர் போட்டு மூடி இருக்கும்.

29.10.2025, இரவு 11.00

சாம்பிள் பத்திக் கேட்டிருக்காங்க, அதாவது பழைய ரெக்கார்ட்லேர்ந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டுல வைக்கிறது. எனக்கு இது ரொம்ப நெருக்கமான வலி.

த வின்ஸ்டன்ஸ்னு ஒரு குழு, நான் இருக்கிற இந்த வாஷிங்டன் ஊர்க்காரங்க. 1969ல ஒரு ரெக்கார்டோட பி சைடுல கிரெகரி கோல்மன்ங்கிற டிரம்மர் நாலு பார் தனியா வாசிச்சார், ஏழு செகண்ட்கூட இருக்காது. அந்த ஏழு செகண்டை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான பாட்டு வந்துச்சு, இங்கிலாந்துல ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ்னு ஒரு இசை வகையே அதுமேலதான் நிக்குது. கோல்மனுக்கு அதுலேர்ந்து ஒரு சல்லிக்காசு வரல. 2006ல அட்லாண்டால வீடு இல்லாத நிலைமைல செத்துப் போனார். ஜேம்ஸ் பிரவுனோட டிரம்மர் கிளைட் ஸ்டபில்ஃபீல்டும் அப்படித்தான், 1969ல சின்சினாட்டில வாசிச்ச ஒரு பிரேக், ஆயிரம் பாட்டுக்கு மேல சாம்பிள் ஆச்சு, பாட்டு எழுதினவர்னு அவர் பேர் இல்ல, அதனால காசும் இல்ல. 2017ல போயிட்டார். அவர் ஆஸ்பத்திரிக் கடனைப் பெருமளவு ரகசியமாக் கட்டினது பிரின்ஸ்.

இதுல நான் யோசிக்கிறது என்னன்னா, வாசிச்சவன் கை அந்தப் பாட்டுல இருக்கு. லைவ் வாத்தியம் போகல, அது உள்ளயே இருக்கு, வாசிச்சவனை மட்டும் வெளிய தள்ளிட்டாங்க. பாம்புக்குழிலயும் நடந்தது அதுதானே.

1991 டிசம்பர்ல நியூயார்க் ஜட்ஜ் ஒருத்தர் அனுமதி இல்லாம சாம்பிள் எடுத்தா திருட்டுன்னு தீர்ப்பு சொன்னப்புறம் சாம்பிளுக்கு விலை ஏறிடுச்சு. உடனே என்னாச்சு பாருங்க, 1992ல ராப் தயாரிப்பாளர் டாக்டர் டிரே ஸ்டுடியோக்கு பேஸ், கிட்டார் ஆளுங்களைக் கூப்பிட்டு பழைய ஃபங்க் பாட்டுங்களை திரும்ப வாசிக்க வச்சார். ஆள் மலிவா இருந்தா ஆள், மெஷின் மலிவா இருந்தா மெஷின்.

2.11.2025, இரவு 7.20

டி'ஏஞ்சலோ ஆல்பத்துலேர்ந்துதானே இழை ஆரம்பிச்சது, அதுக்கே வர்றேன். அதுல டிரம்ஸ் குவெஸ்ட்லவ், பேஸ் பினோ பல்லடினோ. அந்த டிரம்ஸ் ஏன் லேசா குடிச்சவன் நடக்கிற மாதிரி பின்னாடி இழுக்குதுன்னு யோசிச்சிருக்கீங்களா? ஜே டிலா. டெட்ராய்ட் ஆள், ஹிப் ஹாப்புக்குத் தாளம் பண்ணினவர். ஆக்காய் எம்பிசின்னு பேடை விரலால அடிச்சுத் தாளம் போடுற மெஷின்ல, சில அடியை நேரா விழ விடாம வேணும்னே லேசாத் தள்ளி வச்சவர். அந்தச் சாய்வைக் கேட்டு மயங்கி, குவெஸ்ட்லவ் நிஜ டிரம்ஸ்ல அதே மாதிரி வாசிக்கப் பழகினார். அதாவது நீங்க ‘மனுஷன் வாசிச்சது'ன்னு உருகுறீங்களே, அந்த நடை ஒரு மெஷின்லேர்ந்து வந்தது. டிலாவோட எம்பிசி இப்போ இங்க டிசில, ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்க அமெரிக்க மியூசியத்துல கண்ணாடிக்குள்ள இருக்கு, அதுக்கு முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னிருக்கேன். ரப்பர் பேட் பதினாறு, அவ்வளவுதான்.

8.11.2025, காலை 10.30

இவ்வளவு எழுதியும் என் ஊரைப் பத்தி எழுதாம முடிக்க முடியாது. டிசில லைவ் வாத்தியம் செத்துடுச்சுன்னு சொன்னா இங்க சண்டைக்கு வருவாங்க. கோ-கோன்னு இந்த ஊர் இசை வகை ஒண்ணு இருக்கு. 70கள்ல அதைத் தொடங்கின சக் பிரவுன் பார்த்தார், ரெண்டு பாட்டுக்கு நடுவுல கைதட்டுற கேப்புல கூட்டம் கலையுது, டிஜேன்னா நிக்காம ஓடுது. அவர் என்ன பண்ணினார், பாட்டு முடிஞ்சாலும் டிரம்ஸ், காங்கோ, கௌபெல் நிக்கவே கூடாதுன்னுட்டார். அது ஓடிட்டே இருக்கும், மேல அவர் கூட்டத்தோட பேசுவார், யார் பொறந்த நாள், எந்தத் தெருவுலேர்ந்து வந்திருக்கீங்கன்னு கேப்பார், அப்படியே அடுத்த பாட்டுக்குள்ள போயிடுவார். டிஜே வேலையை ஆளுங்களை வச்சே பண்ணினார். பத்துப் பேர் மேடைல. கச்சேரியை மிக்ஸர்லேர்ந்தே கேசட்ல பிடிச்சு விப்பாங்க, பி.ஏ. டேப்னு பேரு, பசங்க ஸ்டுடியோ ரெக்கார்டைவிட அதைத்தான் தேடி வாங்கினாங்க.

2019ல ஷா ஏரியால ஏழாவது தெருவும் ஃப்ளோரிடா அவென்யூவும் சேர்ற முனைல, வருஷக்கணக்கா வாசல் ஸ்பீக்கர்ல கோ-கோ போட்டுட்டிருந்த மொபைல் கடையை, புதுசா வந்த சொகுசு அபார்ட்மெண்ட்லேர்ந்து புகார் வந்துச்சுன்னு நிறுத்தச் சொன்னாங்க. ஜனம் தெருவுக்கு வந்துடுச்சு, ‘டோன்ட் மியூட் டிசி'ன்னு. வண்டி மேல பேண்டை ஏத்தி நடுரோட்டுல வாசிச்சாங்க. நானும் ஒரு சாயங்காலம் நின்னேன், காங்கோ சத்தம் தார் ரோடு வழியா செருப்புல ஏறுச்சு. பாட்டு திரும்ப வந்துச்சு. 2020 பிப்ரவரில கோ-கோ இந்த ஊரோட அதிகாரபூர்வ இசைன்னு மேயர் கையெழுத்துப் போட்டாங்க.

தம்பி, சார்ட்ல பத்துப் பாட்டு கேட்டேன்னீங்களே. சக் பிரவுனோட பழைய லைவ் ஒண்ணு எடுத்து இருபது நிமிஷம் கேளுங்க, அவர் பேச ஆரம்பிச்சதும் காங்கோ எங்க மாறுதுன்னு மட்டும் கவனிங்க. கேட்டுட்டு எந்த நிமிஷம்னு இங்க எழுதுங்க. எனக்குப் பன்னிரண்டு மணிக்கு ரிஹர்சல், அந்தப் பையனுக்கு இப்போ இருபத்தொண்ணு, ஊருக்கு லீவுல வந்திருக்கான், பெரியவர் ஆர்கன் கவரை எடுக்கச் சொல்லியிருக்கார்.